கோவைப் புறநகர் உயர்நிலைப் பள்ளிகளும் தமிழ்ப் பயிற்றுமொழியும்

தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதப் புகுவோர் அச்சுக்கூடம், இதழ், புதினம், மேடை ஆகியவற்றைக் கருத்திற் கொள்வர். பள்ளிக்கூடத்தின் வகுப்பறையைப் பெரும்பாலும் விட்டுவிடுவர். ஆயினும், இயற்பியலையும் வேதியியலையும் வரலாற்றையும் இன்று நாம் தமிழில் எழுதும் நடை முதன்முதல் நாள்தோறும் ஒலித்த இடம் உயர்நிலைப் பள்ளியின் வகுப்பறையே. ஓர் ஊரின் பள்ளி வரலாறு அவ்வூரார்க்கு மட்டும் உரிய செய்தி அன்று; தமிழாய்வாளர்க்கும் உரிய சான்றாகும். இக்கருத்தை விளக்குதற்குக் கோவை நகரின் புறத்தே தோன்றிய இரு பள்ளிகளை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, அவினாசிச் சாலையில் பீளமேட்டில் 1924இல் தொடங்கிய சர்வஜன உயர்நிலைப் பள்ளி. மற்றொன்று, 1930இல் தொடங்கிப் பின்னர் மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தில் நிலைபெற்ற இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயம்.

இவ்விரண்டையும் ஒருங்கு நோக்குமிடத்து, ‘பொதுப்பள்ளி’ என்னும் தொடர்க்கு இரு வாயில்கள் உண்டு என்பது புலனாகும். எவர் உள்ளே புகலாம் என்பது முதல் வாயில். எம்மொழியால் புகலாம் என்பது இரண்டாம் வாயில். முதல் வாயில் திறந்து இரண்டாவது அடைபட்டிருப்பின் புகுந்தவன் ஊமையாய் அமர்ந்திருப்பான். இரண்டாவது திறந்து முதலாவது அடைபட்டிருப்பின் கல்வி ஒரு சாராரின் உடைமையாகும். கொங்கு நாட்டில் இவ்விரு வாயில்களும் எவ்வாறு திறந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1. பள்ளிக்கு முற்பட்ட நிலை

கொங்கு நாடு கல்வியற்றுக் கிடந்தது என்றும் ஆங்கிலேயரே அதனைக் கொணர்ந்தனர் என்றும் கருதுதல் பொருந்தாது. சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டந்தோறும் கல்வி நிலை பற்றிய கணக்குக் கேட்டார். அப்போது கோவையின் மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவர் ஜான் சல்லிவன். அவர் அனுப்பிய கணக்கில் 763 பள்ளிகள் குறிக்கப்பெற்றன. அவற்றிற் பயின்றோர் எண்ணாயிரவருக்கு மேற்பட்டோர். இவை பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். மணலில் எழுத்துப் பயின்று, ஓலைச்சுவடி படித்து, எண்சுவடியை ஒப்பித்து, நிகண்டும் நீதிநூலும் மனனம் செய்த மாணவன், கணக்கும் கடிதமும் எழுதவல்லவனாய் வெளிவந்தான். அங்குப் பயிற்றுமொழி பற்றிய வினாவே எழவில்லை.

பின்னர் நகரத்தில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்றின. இலண்டன் மிஷன் சங்கத்தார் 1830இல் கோவைக்கு வந்து பணி தொடங்கினர். 1852இல் தோன்றிய சிறு பள்ளி வளர்ந்து அரசு கலைக் கல்லூரி ஆயிற்று. தூய மைக்கேல் பள்ளி 1860இல் எழுந்தது. நகர்க்கு வெளியே, கோபிசெட்டிப்பாளையத்தில் 1898இல் வைரவிழாப் பள்ளி தோன்றியது. இப்பள்ளிகள் அரசு அலுவலுக்கும் வழக்குமன்றத் தொழிலுக்கும் ஆட்களை ஆக்கின. மேல்வகுப்புகளில் ஆங்கிலமே ஆட்சி செய்தது; தமிழ் ஒரு பாடமாக மட்டும் நின்றது. உழவர் பிள்ளைக்குத் திண்ணைப் பள்ளி குறைந்து வந்தது. நகரப் பள்ளி எட்டாத தொலைவில் இருந்தது. இவ்விடைவெளியிலேயே புறநகர்ப் பள்ளி பிறந்தது.

2. ஆலையும் பள்ளியும்

புறநகர் என்பது கோவையைப் பொறுத்தவரை பஞ்சாலை வளர்த்த ஊர். 1888இல் முதற் பஞ்சாலை இங்கு நிறுவப்பெற்றது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் ஆலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் விரைந்து பெருகின. கரிசல் மண்ணிற் பருத்தி விளைத்த உழவர் குடிகளே அரைவைத் தொழிலையும் நூற்புத் தொழிலையும் மேற்கொண்டனர். பீளமேட்டுப் பி.எஸ்.ஜி. குடும்பத்தார் அவருள் முதன்மை பெற்றவர். கோவிந்தசாமி நாயுடுவின் மக்கள் நால்வர், குடும்பச் சொத்தினை ஐந்தாகப் பகுத்து, ஐந்தாம் பங்கினை அறத்திற்கு ஒதுக்கி 1926இல் அறக்கட்டளை ஒன்றினை நிறுவினர். அறத்தையும் உடன்பிறந்தாருள் ஒருவராக எண்ணிப் பங்கு கொடுத்த இச்செயல் கொங்கு நாட்டிற் பலராலும் எடுத்துரைக்கப்படுவது.

அறக்கட்டளைக்கு ஈராண்டு முன்னரே பள்ளி தோன்றிவிட்டது. தொழிற்கூடம் 1926இலும், கலைக் கல்லூரி 1947இலும், பொறியியற் கல்லூரி 1951இலும் அதனைத் தொடர்ந்தன. பள்ளி முதலிலும் பொறியியல் இறுதியிலும் வந்த இவ்வரிசை கருதத்தக்கது. ஆலைக்குக் கைத்திறன் வாய்ந்தோர் தேவைப்பட்டனர். ஆதலின் ஆலை உடையோர் கல்வி வளர்த்தனர் என்று ஒருவர் கூறலாம். அக்கூற்றில் உண்மை உண்டு. அதனை மறுக்க வேண்டுவதில்லை. ஆனால் கைத்திறன் ஒன்றே நோக்கமாயின் தொழிற்கூடம் மட்டும் போதியதாக இருந்திருக்கும். பொதுக்கல்விப் பள்ளியை முன்வைத்தமைக்குக் காரணம் அதன் பெயரிலேயே பொதிந்து கிடக்கிறது.

3. ‘சர்வஜன’ என்னும் பெயர்

சர்வஜனம் என்பது எல்லா மக்களும் எனப் பொருள்படும் வடசொற்றொடர். அக்காலத்துப் பள்ளிகள் அரசர் பெயராலோ, சமயச் சங்கத்தின் பெயராலோ, ஒரு குலத்தின் பெயராலோ வழங்குவது இயல்பு. எல்லாருக்கும் உரியது என்று பள்ளிக்குப் பெயரிடுதல் 1924இல் எளிய செய்தி அன்று.

அதனை உணர்வதற்கு அதே காலத்தில் தமிழ்நாட்டின் தென்பகுதியில் நிகழ்ந்ததை நினைவு கொள்ளல் வேண்டும். வ.வே.சு. ஐயர் 1922இல் சேரன்மாதேவியில் நிறுவிய குருகுலத்தில், மாணவருள் பார்ப்பனப் பிள்ளைகள் சிலர்க்குத் தனியே உணவிட்ட செய்தி 1924, 1925 ஆம் ஆண்டுகளில் பெரும் பூசலாக மூண்டது. அதனை எதிர்த்து முன்னின்றோருள் டாக்டர் வரதராஜுலு நாயுடு ஒருவர். கொங்கு நாட்டு ஈரோட்டைச் சேர்ந்த ஈ.வெ. இராமசாமி மற்றொருவர். பொதுமக்கள் பணத்தால் நடைபெறும் கல்விநிலையத்தில் பந்தி இரண்டாக இருத்தல் கூடுமா என்பதே அன்றைய வினா. அவ்வினா நாடெங்கும் ஒலித்த நாளில் ‘சர்வஜன’ என்னும் பெயர்ப்பலகை பீளமேட்டில் எழுந்தது. ஒன்று மற்றொன்றன் விளைவு என நாம் கூறவில்லை. இரண்டும் ஒரே காலத்தின் குரல்கள் என்பதே நம் கருத்து.

4. ஒரு மாணவனோடு தொடங்கிய வித்தியாலயம்

ஆறாண்டு கழித்து முதல் வாயில் மேலும் அகலத் திறந்தது. திருப்பூரில் 1903இல் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம் வழக்கறிஞர் கல்வி பயின்றவர். விடுதலைப் போரில் ஈடுபட்டவர். அவர் 1930இல் வித்தியாலயத்தைத் தொடங்கியபோது கையிருப்பு ஐந்து ரூபாய் பன்னிரண்டு அணா என்றும், மாணவன் ஒருவனே என்றும், அவன் தாழ்த்தப்பட்ட குடியிற் பிறந்தவன் என்றும் அந்நிறுவன வரலாறு கூறும். பின்னர்ப் பெரியநாயக்கன்பாளையத்தில் 1934இல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். அவ்வாண்டு அடிகள் தீண்டாமை ஒழிப்பின் பொருட்டு நாடு சுற்றி வந்த ஆண்டு என்பது நோக்கத்தக்கது.

சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்குரிய சட்டம் பிறந்தது 1939இல். கோயிலின் வாயில் சட்டத்தால் திறக்கப்படுவதற்கு ஒன்பதாண்டு முன்னரே, கோவையில் ஒரு பள்ளியின் வாயில், கோயிலிற் புக இயலாத ஒரு சிறுவனையே முதல் மாணவனாகக் கொண்டு திறந்தது. தாழ்த்தப்பட்ட மாணவனைப் பிறரோடு சேர்த்துக்கொள்ளுதல் ஒன்று. அவனை முதல்வனாகக் கொண்டு பிறரை அவனோடு சேர்த்தல் மற்றொன்று. பின்னதில் இடம் கொடுப்பவன் யார், பெறுபவன் யார் என்னும் முறையே மாறிவிடுகிறது.

5. மாணவர் வாழ்க்கை

இரு பள்ளிகளின் மாணவர் வாழ்க்கையும் வேறு வேறு இயல்பின. பீளமேட்டுப் பள்ளி, வீட்டிலிருந்து வந்து மீளும் மாணவர்க்குரியது. வித்தியாலயமோ மாணவர் தங்கிப் பயிலும் குருகுல முறையைத் தழுவியது. வைகறைத் துயிலெழுச்சி, வழிபாடு, இடத்தைத் தூய்மை செய்தல், தோட்ட வேலை, நூற்பு, வகுப்பு, விளையாட்டு, மீண்டும் வழிபாடு என்று நாள் வகுக்கப்பெற்றது. தம் உடையைத் தாமே துவைத்தலும், உண்ட இடத்தைத் தாமே துப்புரவு செய்தலும் கல்வியின் பகுதிகளாகக் கருதப்பெற்றன. காந்தியடிகள் 1937இல் வகுத்த ஆதாரக் கல்வி முறை இங்கு வேரூன்ற ஏற்ற நிலம் கண்டது. கையால் செய்யும் வேலையைக் குலத்தோடு பிணைத்து வைத்திருந்த சமுதாயத்தில், எல்லா மாணவரும் எல்லா வேலையும் செய்தல் வெறும் ஒழுங்குமுறை அன்று. அதுவே ஒரு பாடம்.

உயர்நிலைப் பள்ளி மாணவனின் வாழ்வை ஆண்ட பெருஞ்சொல் எஸ்.எஸ்.எல்.சி. என்பது. படிவங்கள் ஆறாகப் பகுக்கப்பட்டிருந்த அக்காலத்தில், ஆறாம் படிவத்தின் இறுதியில் நிகழ்ந்த அத்தேர்வே ஊரில் ஒருவனுக்கு மதிப்பளித்தது. தேறியவன் பெயர்க்குப் பின் அத்தகுதியைக் குறிப்பதும் உண்டு. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1958 முதல் ஊர்தோறும் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும், 1960களின் இடையில் பள்ளியிறுதி வகுப்புவரை கட்டணம் நீங்கியமையும் அத்தேர்வின் வாயிலை ஏழை மாணவர்க்கு அண்மையிற் கொணர்ந்தன. 1978இல் மேல்நிலைக் கல்வி முறை வந்தபோது உயர்நிலைப் பள்ளிகள் பல மேல்நிலைப் பள்ளிகள் ஆயின. பீளமேட்டுப் பள்ளியும் அவ்வாறு உயர்ந்தது.

6. மாணவனின் நாவில் மூன்று தமிழ்

இனி இரண்டாம் வாயிலுக்கு வருவோம். பள்ளியுட் புகுந்த கொங்கு மாணவன் எம்மொழியோடு புகுந்தான்? தமிழோடு என்பது எளிய விடை. ஆயின் அத்தமிழ் ஒன்றன்று.

முதலாவது, வீட்டுத் தமிழ். கொங்கு வழக்கில் ‘தோட்டம்’ என்பது கிணற்றுப் பாசனம் உள்ள நிலத்தைக் குறிக்கும். ‘காடு’ என்பது மழையை நம்பிய புன்செயைக் குறிக்கும். ‘காட்டுக்குப் போயிருக்காங்க’ என்று ஒரு சிறுவன் தந்தையைப் பற்றிக் கூறின், அவர் சோளக் கொல்லையில் இருக்கிறார் என்பதே பொருள். பாடநூலோ காட்டில் புலியும் யானையும் வாழும் என்று கூறும்; தோட்டத்தில் மலர்ச்செடிகள் பூத்துக் குலுங்கும் என்று கூறும். ஒரே சொல் இரு நிலங்களைக் குறிக்கக் கண்ட மாணவன், தன் வீட்டுச்சொல் பிழையானது என்று எண்ணிவிடுதல் எளிது. அச்சொல் பிழையன்று, வட்டார வழக்கு என்று எடுத்துரைக்கும் ஆசிரியனே நல்லாசிரியன். இன்னும், கோவைப் பகுதியிற் பல குடும்பங்கள் வீட்டில் தெலுங்கையோ கன்னடத்தையோ வழங்குவன. அம்மாணவர்க்கெல்லாம் தமிழ் தெருவின் மொழியாகவும் பள்ளியின் பொதுமொழியாகவும் அமைந்தது.

இரண்டாவது, ஆலைத் தமிழ். சிப்பம், சிட்டம், வார்ப்படம், பட்டறை என்னும் தமிழ் வழக்குகளோடு ஸ்பிண்டில், லேத்து, கோன் என்னும் ஆங்கிலச் சொற்களும் கலந்த மொழி அது. வித்தியாலயத்து மாணவன் இராட்டையில் நூற்கும்போது ‘கதிர்’ என்று கூறிய உறுப்பினையே, பீளமேட்டு ஆலையிற் பணிபுரிந்தவன் ‘ஸ்பிண்டில்’ என்றான். கருவியின் பணி ஒன்றே. கைத்தொழில் தமிழ்ச்சொல்லைக் காத்தது, பொறித்தொழில் அயற்சொல்லைக் கொணர்ந்தது. கலைச்சொல்லாக்கத்தை ஆராய்வார்க்கு இஃது ஒரு சிறந்த எடுத்துக்காட்டு. பழைய கருவியின் பெயர் புதிய பொறிக்கு ஏறாது போனமைக்குக் காரணம் மொழியின் வறுமை அன்று. பொறியை இயக்கக் கற்பித்த மொழி ஆங்கிலமாயிருந்தமையே.

மூன்றாவது, பாடநூல் தமிழ். இதுவே பள்ளி புதிதாக ஈந்தது. இதனை ஆக்குதற்குரிய முயற்சியும் கொங்கு மண்ணில் முன்னரே முளைத்தது. சேலத்தில் 1916இல் இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டு இதழும் வெளியிட்டனர். பின்னர்ச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் அறிஞர் குழுக்களைக் கொண்டு தொகுத்த கலைச்சொற்கள் 1938இல் நூலாக வெளிவந்தன. 1940இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழு வடமொழிச் சார்புடையது எனத் தமிழறிஞரின் எதிர்ப்பைப் பெற்றது. இப்பூசல்களின் தடம் பள்ளிப் பாடப் பெயர்களிலேயே பதிந்துள்ளது. சரித்திரம் வரலாறு ஆயிற்று. பூகோளம் புவியியல் ஆயிற்று. பௌதிகம் இயற்பியலாகவும், இரசாயனம் வேதியியலாகவும், பீஜகணிதம் இயற்கணிதமாகவும் மாறின. பிராணவாயு உயிர்வளி ஆகி, இன்று ஆக்சிஜன் எனவும் வழங்குகிறது. ஒரு குடும்பத்தில் பாட்டனும் தந்தையும் மகனும் ஒரே பாடத்தை வெவ்வேறு பெயரால் கற்றிருப்பர்.

7. வகுப்பறையிலிருந்து கலைக்களஞ்சியம் வரை

1930களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வி படிப்படியாக இடம்பெறலாயிற்று. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வியமைச்சராக இருந்து அதனை உறுதிப்படுத்தியவர், வித்தியாலயத்தை நிறுவிய அவினாசிலிங்கமே. பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியதும் அவர் அமைச்சராக இருந்த காலத்தில்தான். 1946இல் அவர் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகம், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது.

அக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர் பெ. தூரன். ஈரோட்டுப் பகுதியில் 1908இல் பிறந்த அவர், வித்தியாலயத்தில் ஆசிரியராகப் பணிபுரிந்தவர். குழந்தை உளம், மரபுவழி இயல்பு, அடிமனம் முதலியன பற்றி எளிய தமிழில் நூல்கள் எழுதினார்; நாட்டுப் பாடல்களைத் திரட்டிக் ‘காற்றில் வந்த கவிதை’ என வெளியிட்டார். வீட்டுத் தமிழின் இனிமையும் பாடநூல் தமிழின் தெளிவும் ஒருவரிடத்தே அமைந்தமைக்கு அவர் சான்று. பதினைந்து அகவை மாணவனுக்கு விளங்கவைத்துப் பழகிய நடையே கலைக்களஞ்சியத்தின் பொதுநடைக்கு அடிப்படையாயிற்று எனக் கருதுதற்கு இடமுண்டு.

பீளமேட்டிலிருந்தும் இதற்கு இணையான பணி நிகழ்ந்தது. பி.எஸ்.ஜி. பொறியியற் கல்லூரியின் முதல்வராக விளங்கிப் பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக உயர்ந்த ஜி.ஆர். தாமோதரன், 1940களின் இறுதியில் ‘கலைக்கதிர்’ என்னும் அறிவியல் திங்களிதழைத் தொடங்கினார். பொறியியல் பயிற்றும் இடத்திலிருந்தே தமிழில் அறிவியல் இதழ் வெளிவந்தமை, ஆலைத் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் இடையே பாலம் அமைத்த செயலாகும்.

இவ்விரு ஓடைகளும் கலந்த இடம் கோவை அரசு கலைக் கல்லூரி. பொள்ளாச்சிப் பகுதியினரான சி. சுப்பிரமணியம் கல்வியமைச்சராக இருந்தபோது, தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பட்ட வகுப்பு 1960இல் முன்னோடியாகத் தொடங்கப்பெற்றது அக்கல்லூரியில்தான். பள்ளியில் தமிழ்வழி பயின்ற மாணவர் கூட்டம் இல்லையேல் அவ்வகுப்பிற்கு மாணவர் கிடைத்திரார். தமிழில் அறிவியல் எழுதிப் பழகியோர் இல்லையேல் அதற்கு நூல்கள் கிடைத்திரா.

இவை யாவும் அரசு ஆணையால் விளைந்தன, பள்ளிக்கு இதிற் பங்கு யாது எனச் சிலர் வினவலாம். ஆணை வாயிலைத் திறக்கும். உள்ளே பேசுதற்குரிய மொழியை ஆக்காது. ‘விசை’ என்றால் யாது என்று மாணவன் கேட்டபோது, மாட்டுவண்டியையும் கவலை ஏற்றத்தையும் காட்டி விளக்கிய பெயரறியா ஆசிரியரே அம்மொழியை ஆக்கினர். கலைச்சொல் குழுவில் பிறக்கும்; வகுப்பறையில்தான் அது வாழத் தொடங்கும்.

8. இன்றைய நிலையும் ஆய்வாளர் கடமையும்

பீளமேட்டுப் பள்ளி தொடங்கி 2024இல் நூறாண்டு நிறைந்தது. அவ்வூர் இன்று புறநகர் அன்று. மாநகரின் நடுப்பகுதிகளுள் ஒன்றாகிவிட்டது. 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாயின. பெற்றோர் தம் மக்களின் வாழ்வு கருதி அவற்றை நாடுகின்றனர். அவரைக் குறை கூறிப் பயனில்லை. ஆயினும் ஒன்று கருதல் வேண்டும். முதல் வாயில் அன்று திறந்த அளவினும் இன்று அகலத் திறந்துள்ளது. எக்குடிப் பிறந்த பிள்ளையும் பள்ளிக்கு வருகிறது. அதே வேளையில் இரண்டாம் வாயில் மெல்லச் சாத்தப்படுகிறது. வீட்டில் ஆங்கிலம் வழங்காத முதல் தலைமுறை மாணவனுக்கு, அவன் உள்ளே வந்த பின்னர் மொழி மற்றொரு மதிலாகக்கூடும். நூறாண்டு முன்னர் குலத்தால் அமைந்த வேறுபாடு, மொழியால் மீண்டும் அமையாதவாறு காத்தல் கல்வியாளர் கடன்.

தமிழாய்வாளர்க்கும் இதிற் கடமை உண்டு. பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள், தலைமையாசிரியர் குறிப்பேடுகள், ஆய்வாளர் அறிக்கைகள், பள்ளி ஆண்டுமலர்கள், மாணவர் கையெழுத்து இதழ்கள், வழக்கொழிந்த பாடநூல்கள் ஆகியவை தமிழின் அண்மைக்கால வரலாற்றுக்கு மூலச் சான்றுகள். எக்குடி மாணவர் எவ்வாண்டு முதல் வந்தனர் என்பதைச் சேர்க்கைப் பதிவேடு கூறும். எச்சொல் எவ்வாண்டு வழக்கிற்கு வந்தது என்பதைப் பாடநூலும் ஆண்டுமலரும் கூறும். பள்ளிகள் புதுக்கட்டடத்திற்கு மாறும்போதும் பழைய அறைகளைத் துப்புரவு செய்யும்போதும் இவையே முதலில் பழந்தாள் விலைக்குப் போகின்றன. கல்வெட்டையும் ஓலையையும் தேடி நெடுந்தொலைவு செல்லும் நம் முதுகலை மாணவர், தாம் பயின்ற பள்ளியின் பழம்பெட்டியையும் திறந்து நோக்குவாராக. ஒரு மாணவர் ஒரு பள்ளியின் ஐம்பதாண்டு மலர்களைத் திரட்டி, அவற்றின் சொற்களை ஆண்டுவாரியாக அட்டவணைப்படுத்தினாலும் போதும். தமிழ் உரைநடை வரலாற்றில் இதுகாறும் எழுதப்படாத ஓர் இயல் எழுதப்பட்டதாகும்.